கடலை மாவும் ஒரு டீஸ்பூன் ஆராய்ச்சியும்

நான் எந்தக் காகிதத்தையும் கீழிருந்து மேலாகப் படிக்கிறவன். இருபத்து மூன்று வருடமாகக் காப்பீட்டு அலுவலகத்தில், இழப்பீடு கேட்டு வரும் மனுக்களைப் பார்க்கும் பிரிவில் உட்கார்ந்திருப்பதன் பலன் அது. மேலே பெரிய எழுத்தில் இருப்பதெல்லாம் கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் படம் போடுகிற மாதிரி, ஒரு மரியாதைக்கு. விஷயம் அடியில் பொடி எழுத்தில்தான் இருக்கும்.

அதனால், குரோம்பேட்டை குழந்தை மருத்துவர் ஒரு துண்டுத்தாளை நீட்டியபோது என் கண் நேராகக் கடைசி வரிக்குப் போனது. "முகம் சிவத்தல், உதடு வீங்குதல், தொடர் வாந்தி, மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்லவும்." அதற்கு மேல் என்ன எழுதியிருந்தாலும் என்னால் படிக்க முடியவில்லை. எழுத்தெல்லாம் ஆடியது. 

தாளின் தலைப்பு 'ஆறு மாதத்திற்குப் பின் குழந்தை உணவு: புதிய ஆராய்ச்சி சொல்வது என்ன?' என்பது. அதை நான் அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகுதான் பார்த்தேன்.

எனக்கு நாற்பத்தேழு வயது. மகளுக்கு ஆறு மாதமும் சில நாட்களும். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துச் சொன்னால் அஸ்தினாபுரத்தில் எங்கள் குடியிருப்பில் எல்லோரும் ஒரு விநாடி வானத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவார்கள். அவள் பள்ளிக்கூடம் போகிறபோது வாசல் காவலாளி "தாத்தா வந்திருக்காரு பாப்பா" என்று கூப்பிடுவார் என்பது எனக்கு இப்போதே தெரியும். அதற்கு ஒரு பதிலும் தயார் செய்து வைத்திருக்கிறேன். பயந்தாங்கொள்ளிகள் எல்லாவற்றுக்கும் முன்னேற்பாடு வைத்திருப்பார்கள்.

குழந்தைக்கு இப்போதே கடலை கொடுத்துப் பழக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் நான் பயந்ததற்குக் காரணம் இருந்தது. பொழிச்சலூரில் இருக்கும் என் அக்காவின் மகனுக்கு இப்போது பத்தொன்பது வயது. அவனுக்கு இரண்டு வயதாக இருந்தபோது பக்கத்து வீட்டில் யாரோ கையில் ஒரு துண்டு கடலைமிட்டாயைக் கொடுத்துவிட்டார்கள். கால் மணி நேரத்தில் முகம் பூரி மாதிரி உப்பிவிட்டது. கண் இருந்த இடத்தில் இரண்டு கோடுதான் தெரிந்தது. அன்று அவர்களைப் பம்மல் ஆஸ்பத்திரிக்கு ஸ்கூட்டரில் கொண்டு போனது நான். ஹார்ன் வேலை செய்யவில்லை. "பாம் பாம் பாம்" என்று வாயாலேயே அடித்துக்கொண்டு போனேன். ஊசி போட்டார்கள், பையன் பிழைத்தான். என் தொண்டைதான் ஒரு வாரம் கட்டிக்கொண்டது. இன்றுவரை அக்கா வீட்டுக்குள் ஒரு கடலை நுழைந்ததில்லை. சட்னி கிடையாது, கடலை எண்ணெய் கிடையாது. வெளியே கடலை சாப்பிட்டுவிட்டு வந்தால் எனக்கே வாசலில் சோப்புக் கொடுப்பாள்.

இப்போது அந்த அக்காதான் என் மகளைப் பார்த்துக்கொள்ள வரவேண்டும். மனைவியின் பிரசவ விடுப்பு முடிந்து, கைவசம் இருந்த மற்ற விடுப்பும் தீர்ந்து, திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். அக்கா தினமும் காலையில் வந்து மாலை வரை இருப்பதாக ஏற்பாடு. ஆனால் அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"பாப்பாவுக்குக் கடலை ஒத்துக்குமா ஒத்துக்காதான்னு எனக்குத் தெரியணும்டா. தெரிஞ்சப்புறம்தான் வருவேன். அந்த மாதிரி முகத்தை இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாது."

"அதான் டாக்டரே குடுக்கச் சொல்றாங்களேக்கா. சீக்கிரம் குடுத்தா அலர்ஜி வர வாய்ப்பு குறையுதாம். இப்போ ரிசர்ச் அப்படித்தான் சொல்லுதாம்."

அக்கா வீட்டு மொட்டை மாடிக்கு மேலேதான் விமானங்கள் இறங்கும். அவளோடு போன் பேசினால் நடுநடுவே "இரு, பிளைட் போவுது" என்று நிறுத்திவிட்டுத் தொடர்வாள். அன்று விமானச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் அவள் நிறுத்தினாள்.

"அவனுக்கு மூணு வயசு வரைக்கும் கடலையைக் கண்ணுல காட்டாதேன்னு அப்போ டாக்டர் சொன்னாங்க. காட்டல. அப்போ நான் சீக்கிரம் குடுத்திருந்தா அவனுக்கு வந்திருக்காதா?"

அப்போதுதான் விமானம் வந்தது. நல்ல நேரத்தில் வந்தது. அது போய் முடிவதற்குள் "குக்கர் விசில் அடிக்குது, வச்சிடறேன்" என்று போனை வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் அப்போது அடுப்பே பற்றவைக்கவில்லை.

மருத்துவரிடம் நான் ஒன்றும் கேட்காமல் வந்துவிடவில்லை.

"பீநட், முட்டை எதையும் தள்ளிப் போடாதீங்க" என்று அவர் சொன்னதும், "முன்னாடி தள்ளிப் போடணும்னு சொன்னாங்களே டாக்டர், அது யாரு?" என்று கேட்டேன்.

"நாங்கதான்."

"இப்போ மாத்திச் சொல்றது?"

"அதுவும் நாங்கதான்" என்றார், கொஞ்சமும் அசராமல். "புதுசா தெரிஞ்சா மாத்திச் சொல்லித்தான் ஆகணும் சார்."

மனைவி மேசைக்கடியில் என் தொடையைக் கிள்ளினாள். மருத்துவர் குழந்தையின் முழங்கால் மடிப்பில் இருந்த வறண்ட தோலைத் தடவிப் பார்த்து, இந்த அளவு வறட்சிக்கு முன்கூட்டியே அலர்ஜிப் பரிசோதனை எதுவும் வேண்டாம், வீட்டிலேயே கொடுக்கலாம், எப்படிக் கொடுப்பது என்று இதில் இருக்கிறது என்று சொல்லி அந்தத் தாளை நீட்டினார். வெளியே பதினைந்து குழந்தைகள் ஒரே சுருதியில் அழுதுகொண்டிருந்தன. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு மூன்று நாள் நான் ஆராய்ச்சி படித்தேன். மதிய உணவு நேரத்தில், ரயிலில், குளியலறையில் என்று போனில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததில் ஒன்று புரிந்தது. ஆராய்ச்சிக்காரர்கள் எங்கள் அலுவலகத்துக்காரர்களைவிடக் கெட்டிக்காரர்கள். எதையும் முழுசாகச் சொல்லிவிட மாட்டார்கள். "தொடர்பு இருக்கலாம்" என்பார்கள். "எனினும்" என்பார்கள். "இக்குழுவில் மட்டும்" என்பார்கள். கடைசி வரியில் "மேலும் ஆய்வுகள் தேவை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அதையே ஒரு செய்தித் தளம் எடுத்து "உங்கள் குழந்தைக்கு இதைக் கொடுக்கவில்லையா? அதிர்ச்சித் தகவல்!" என்று போடும். மாலைக்குள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் அது "கொடுத்தால் அதிர்ச்சி" என்று மாறியிருக்கும். நான் மூன்றையும் படித்து, மூன்றுக்கும் தனித்தனியாகப் பயந்தேன்.

மனைவியிடம் ராத்திரிச் சாப்பாட்டில் இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். அவள் குழந்தைக்கு மசித்த இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்குப் பசிக்குதுங்க. மேலும் ஆய்வுகள் தேவைன்னு நீங்களே அவகிட்ட சொல்லுங்க" என்றாள்.

பிறகு ஸ்பூனை என் பக்கம் நீட்டி, "வெள்ளிக்கிழமை நான் ஆபீஸ் போய் ரீஜாயினிங் பேப்பர்ல சைன் பண்ணிட்டு மதியம் வந்துடுவேன். சனிக்கிழமை காலையில ரெண்டு பேரும் இருக்கும்போது ஒரு சின்ன ஸ்பூன் குடுத்துப் பார்ப்போம். வீட்டுல. அமைதியா. ஊரைக் கூட்டக் கூடாது" என்றாள்.

நான் ஊரைக் கூட்டவில்லை. ஒரே ஒரு ஆட்டோவைத்தான் கூட்டினேன்.

என் கணக்கு இது. சனிக்கிழமை கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால்? மருத்துவர் சனிக்கிழமை பத்தரைக்குத்தான் வருவார். வெள்ளிக்கிழமை என்றால் ஒன்பதுக்கே இருப்பார். மனைவி வீட்டில் இல்லாதபோதே வெற்றிகரமாக முடித்துவிட்டு, மதியம் அவள் வந்ததும் ஒரு சாதனையாளனின் அலட்சியத்தோடு "அதுவா? முடிஞ்சிடுச்சே" என்று சொல்லலாம். வீட்டில் கொடுத்துவிட்டு ஏதாவது ஆகி, கீழே ஓடி, ஆட்டோ பிடித்து, போக்குவரத்தில் மாட்டுவதைவிட, கிளினிக் வாசலில் ஆட்டோவில் உட்கார்ந்தே ஊட்டிவிடுவது. ஆபத்து வந்தால் பத்தே அடி. இழப்பீட்டுப் பிரிவில் இதற்கு 'முன்னெச்சரிக்கை' என்று பெயர். மற்ற இடங்களில் இதற்கு வேறு பெயர் இருப்பது பிறகு தெரிந்தது.

வியாழக்கிழமை மாலை தாளைக் கையோடு எடுத்துக்கொண்டு மளிகைக் கடைக்குப் போனேன். இப்போது மேல் பகுதியையும் படித்திருந்தேன். "கடலை மாவை நீர்க்கக் கரைத்து, மிருதுவான கஞ்சியாகக் காய்ச்சி, முதலில் ஸ்பூன் நுனியளவு கொடுத்துப் பத்து நிமிடம் கவனிக்கவும். பிறகு சிறுகச் சிறுக ஒரு டீஸ்பூன் வரை கொடுக்கலாம். முழுக் கடலை எக்காரணம் கொண்டும் கூடாது." தெளிவாகத்தானே இருக்கிறது.

"கடலை மாவு ஒரு பாக்கெட்."

"பஜ்ஜியா சார்? மழை வர்ற மாதிரிதான் இருக்கு" என்றார் கடைக்காரர்.

"இல்லை, குழந்தைக்கு" என்றேன். அவர் தலையை ஆட்டினார். குளிப்பாட்டத்தான் கேட்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

பாக்கெட்டை மனைவி கண்ணில் படாமல் பீரோவில் வீட்டுப் பத்திரங்களுக்கு அடியில் வைத்தேன். மறுநாள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நான் விடுப்பு எடுத்திருந்தேன்; காலை அவள் ரயிலுக்குக் கிளம்பியதும் எடுத்துப் பிரித்தேன். மாவு மஞ்சளாக இருந்தது. கடலை வெள்ளைதானே, மாவு ஏன் மஞ்சள் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. தோலோடு அரைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். பயத்தில் இருக்கும் மனிதனிடம் எல்லாக் கேள்விக்கும் உடனடியாக ஒரு பதில் இருக்கும். நாற்பத்தேழு வருடத்தில் நான் சமையலறையில் செய்தது காப்பியும் வெந்நீரும்தான். எனவே வாசனையும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஏதோ பழகிய வாசனை, அவ்வளவுதான். காய்ச்சி, ஆறவைத்து, சின்ன டிபன் பாக்ஸில் போட்டு எடுத்துக்கொண்டேன்.

தெருமுனை ஸ்டாண்டில் இருந்து வந்த ஆட்டோக்காரர் எனக்குப் பழக்கமானவர். கோவிலம்பாக்கத்துக்காரர். குழந்தையை நெஞ்சோடு பையில் கட்டிக்கொண்டு, இரு தோளிலும் இரண்டு பை மாட்டிக்கொண்டு நான் ஏறியதைப் பார்த்து ஊருக்குப் போகிறேன் என்று நினைத்துவிட்டார். கிளினிக் வாசலில் நிறுத்தினார்.

"வந்தாச்சு சார். எறங்கு."

"இறங்கலண்ணா. இங்கயே கொஞ்ச நேரம் நில்லுங்க."

"கொயந்தைக்கு ஒடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் இருக்கா."

"அப்பொறம் இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி?"

"இனிமேதான் சரியில்லாம போகலாம்."

அவர் என்ஜினை அணைத்துவிட்டு முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். எல்லாவற்றையும் விளக்கினேன். பழைய ஆராய்ச்சி, புதிய ஆராய்ச்சி, அக்கா மகன், வேர்க்கடலை, பத்து நிமிடம், பத்து அடி. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு மூணு புள்ளைங்க சார். ஒண்ணுக்குக்கூட ஆட்டோல குந்தவச்சி சோறு ஊட்டல. ஆட்டோ ஓட்டித்தான் ஊட்டினேன். சரி, குடு. நான் பார்த்துகினு கீறேன்."

போனில் நேரக் கணக்கை ஓடவிட்டேன். ஸ்பூன் நுனியில் துளி எடுத்து மகளின் வாயில் வைத்தேன். அவள் ஒரு பெரிய மனுஷியின் முகபாவத்தோடு அதைச் சப்பிப் பார்த்து, நாக்கால் தள்ளி, பிறகு மனம் மாறி உள்ளே இழுத்துக்கொண்டாள். நான் அவள் உதட்டையே பார்த்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக என்னையே பார்த்தார். மூன்றாவது நிமிடத்தில், "சார், கொயந்தை நல்லாகீது. உன் மூஞ்சிதான் செவந்துகினு வருது" என்றார்.

பத்து நிமிடம் முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை. மீதியையும் கொடுத்தேன். இன்னும் கேட்டுக் காலை உதைத்தாள். நான் ஆட்டோவிலிருந்து இறங்கி, ஜி.எஸ்.டி. சாலையில் போய்க்கொண்டிருந்த அத்தனை வண்டிகளையும் ஆசீர்வதிக்கும் மனநிலையில் நின்று அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா! குடுத்தாச்சு! ஒத்துக்கிச்சு! ஒரு புள்ளி கூட இல்லை!"

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. "நல்லதுடா. திங்கக்கிழமை காலையில ஏழரைக்கு வந்துடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் திரும்பி வந்தபோது மகள் டிபன் பாக்ஸைத் தட்டிவிட்டிருந்தாள். ஆட்டோக்காரர் சீட்டில் சிந்தியதைத் துணியால் துடைத்து, துணியை மூக்கருகே கொண்டுபோய், நிறுத்தினார். மறுபடியும் முகர்ந்தார்.

"சார், இது இன்னா?"

"கடலை மாவு."

"அது தெர்து. எத்தினி தபா முகர்ந்தாலும் இது பஜ்ஜி மாவுதான். என் பொண்டாட்டி சாயங்காலம் பஜ்ஜிக் கடை போட்டுகினு கீது சார். வூடு பூரா இந்த வாசனைதான். நீ வேர்க்கடலைன்னுதான சொன்ன?"

"ஆமா."

"இது கடலப் பருப்பு அரைச்ச மாவு. வேர்க்கடலையே இதுல இல்ல."

நான் தாளை எடுத்துப் பார்த்தேன். அவரிடம் காட்டினேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "க, ட, லை, மா, வு. அடப் பேஜாரே! எய்தினவன் மேலயும் தப்பு, வாங்கினவன் மேலயும் தப்பு. கடக்காரன் மட்டும் கரெக்டா குடுத்துகிறான்."

அவ்வளவுதான் விஷயம். பீச்சில் கூம்புப் பொட்டலத்தில் வாங்கினால் கடலை என்பது வேர்க்கடலை. மாவு என்பது மாவு. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பஜ்ஜி. பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிறவன், ஒரு நாளைக்கு முப்பது மனுவில் ஒரு சொல் முன்னே பின்னே இருந்தால் திருப்பி அனுப்புகிறவன், மூன்று நாள் ஆங்கிலத்தில் வேர்க்கடலையைப் பற்றிப் படித்துவிட்டு, தமிழில் போய் பஜ்ஜி மாவு வாங்கி, அதை என் மகளுக்கு ஆட்டோவில் வைத்து ஊட்டி, அவளுக்குப் பஜ்ஜி ஒத்துக்கொள்கிறது என்று மருத்துவ உலகத்துக்கு நிரூபித்திருக்கிறேன்.

சிரிப்பு வந்தது. பாதியில் நின்றும் போனது. நான் அக்காவிடம் சொல்லியாகிவிட்டது. திங்கட்கிழமை அவள் நம்பிக்கையோடு வேர்க்கடலையை ஊட்டியிருப்பாள்.

மறுபடியும் போன் செய்தேன். விளக்கினேன். 

"ஏண்டா, அவங்க ரிசர்ச்சாவது மாற இத்தனை வருஷம் ஆச்சு. உன்னுது பத்து நிமிஷத்துல மாறிடுச்சா?" என்றாள். பிறகு, "அப்போ நான் வரலைடா. நிஜமாவே குடுத்துட்டுச் சொல்லு" என்று வைத்துவிட்டாள். இந்தத் தடவை மூக்குச் சத்தம் இல்லை.

ஆட்டோக்காரர்தான் என்னை உள்ளே தள்ளினார். "போ சார், டாக்டரம்மாகிட்ட சொல்லு. இன்னும் எத்தினி பேரு வூட்ல கொயந்தை பஜ்ஜி துன்னுகினு கீதோ."

மருத்துவர் தாளை வாங்கிப் படித்தார். ஒரு தரம் படித்தார், இன்னொரு தரம் படித்தார். முதலில் சிரித்தார், பிறகு நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

"இங்கிலீஷ்ல இருந்ததைக் கம்ப்யூட்டர்ல போட்டுத் தமிழுக்கு மாத்தினேன் சார். நானும் படிச்சுப் பார்த்துட்டுத்தான் பிரின்ட் போட்டேன். எனக்கு மனசுல பீநட் ஓடிட்டிருக்கு, அதனால கடலைன்னா பீநட்னே படிச்சிருக்கேன். போன வாரம் ஒரு அம்மா வந்து, கடலை மாவு குளிக்கறதுக்கா சாப்பிடறதுக்கான்னு கேட்டாங்க. சாப்பிடத்தான்னு தைரியமா சொல்லி அனுப்பிச்சேன்."

யார் யாருக்குத் தாளைக் கொடுத்தோம் என்று பார்த்து அன்றே போன் செய்யும்படி டோக்கன் கொடுக்கும் பெண்ணிடம் சொன்னார். பிறகு மேசைக்கடியிலிருந்து மீதித் தாள்களை எடுத்து வைத்தார். நான் பேனாவைத் திறந்தேன். இழப்பீட்டுப் பிரிவில் இருபத்து மூன்று வருடம் இருந்ததற்கு அன்றுதான் உருப்படியான உபயோகம். 'கடலை மாவை' என்பதை அடித்து, 'வறுத்துத் தோல் நீக்கி விழுதாக அரைத்த வேர்க்கடலையை' என்று ஒவ்வொன்றிலும் எழுதினேன். மகள் அவர் மடியில் உட்கார்ந்து ஸ்டெதஸ்கோப்பைக் கடித்தாள்.

எழுதிக்கொண்டே, நிமிராமல், அக்கா மகனின் கதையைச் சொல்லி, அக்கா கேட்டதைக் கேட்டேன். நிமிர்ந்து கேட்க முடியவில்லை.

"சீக்கிரமே குடுத்திருந்தா அவனுக்கு வந்திருக்காதா டாக்டர்?"

"தெரியாது சார்" என்றார் அவர். "நிறைய குழந்தைங்களைச் சேர்த்து வச்சுப் பார்த்தா, சீக்கிரம் குடுத்தவங்களுக்குக் குறைவா வருதுன்னு தெரியும். ஒரே ஒரு குழந்தையைக் காட்டி, இவனுக்கு இதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. குடுத்திருந்தாலும் வந்திருக்கலாம். உங்க அக்கா அன்னைக்கு டாக்டர் சொன்னதைக் கேட்டாங்க. தப்புன்னா அது சொன்ன எங்க மேல."

பிறகு நான், தாளின் அடியில், பொடி எழுத்து இருக்கும் இடத்தில் கொஞ்சம் இடம் இருப்பதைப் பார்த்து, ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டேன். "முன்பிருந்த அறிவுரைப்படி நடந்த பெற்றோர் மீது தவறில்லை, அன்று தெரிந்தது அவ்வளவுதான்." அவர் படித்துவிட்டு, "எல்லாத்துலயும் எழுதுங்க" என்றார்.

திருத்திய முதல் தாளை வாங்கிய பெண், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, கவனமாகப் படித்தார். திண்டிவனம் பக்கத்துப் பேச்சு.

"சார், வேர்க்கடலைன்னா நம்ம மல்லாட்டைதானே?"

நான் பேனாவை மூடியிருந்தேன். மறுபடி திறந்தேன்.

மதியம் மனைவி வந்தாள். அலட்சியமாகச் சொல்ல நினைத்திருந்த வசனத்தை நான் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்து, காரணம் தெரியாமலே தானும் சேர்ந்து சிரித்தது. அன்று மாலை மீதி மாவில் பஜ்ஜி போட்டாள். மழையும் வந்தது. கடைக்காரர் சொன்னதுதான் அந்த வாரம் முழுவதும் பலித்த ஒரே முன்னறிவிப்பு.

சனிக்கிழமை காலை, பத்தரை ஆனதும், வீட்டில், அமைதியாக. மனைவி வேர்க்கடலையை வறுத்து, தோல் ஊதி, வெண்ணெய் மாதிரி அரைத்து, வெந்நீர் விட்டுக் கரைத்து, மகளுக்குப் பழக்கமான கஞ்சியில் கலந்தாள். ஸ்பூன் நுனியளவு. பத்து நிமிடம். ஒன்றுமில்லை. மீதி. ஒன்றுமில்லை. பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கீழே ஆட்டோக்காரர் நின்றிருந்தார். நான் கூப்பிடவில்லை, சத்தியமாக. "சும்மா இப்டியே வந்தேன். இன்னா ஆச்சி சார்?" என்று கீழிருந்து கத்தினார். கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன்.

திரும்பினால், மகளின் முகம் சிவந்துகொண்டிருந்தது.

நெற்றி முதலில். பிறகு கன்னம். கண்ணில் நீர். இரண்டு கையும் முஷ்டி. உதடு இறுகி, மூச்சை அடக்கி, என்னையே உற்றுப் பார்த்தாள். தாளின் கடைசி வரி முழுக்க என் மகள் முகத்தில் அச்சாகியிருந்தது. எனக்கு ஸ்கூட்டரும் பம்மலும் ஞாபகம் வந்தன. இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு, செருப்பில்லாமல், "பாம் பாம் பாம்" என்று கத்திக்கொண்டு மாடிப்படியில் இறங்கினேன். முதல் மாடியில்தான் உறைத்தது, குழந்தையை எடுக்கவில்லை என்று. திரும்ப ஏறினேன்.

மனைவி அசையவில்லை. குழந்தையைத் தூக்கி, பின்பக்கத்தை முகர்ந்து பார்த்தாள்.

"போயிருக்கா. டயப்பர் எடுங்க" என்றாள்.

மகளின் முகம் அதற்குள் சாதாரண நிறத்துக்கு வந்திருந்தது. பெரிய வேலை ஒன்றை முடித்த நிம்மதி அதில் இருந்தது. கீழே ஆட்டோ ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. அவசரம் என்று நினைத்து வண்டியைத் திருப்பித் தயாராக வைத்திருந்தார், பாவம். நான் பால்கனியில் நின்று டயப்பரைத் தூக்கிக் காட்ட வேண்டியிருந்தது. எதிர்வீட்டு மாமிக்கு இன்றுவரை நான் அதற்கு விளக்கம் கொடுக்கவில்லை.

இரண்டு மணி நேரம் பார்த்தோம். பிறகு மனைவியே அக்காவைக் கூப்பிட்டாள். என் அறிவிப்புகளுக்கு மதிப்பு போய்விட்டிருந்தது.

திங்கட்கிழமை ஏழரைக்கு அக்கா வந்தாள். கையில் பெரிய பை. அதிலிருந்து ஒரு பழைய நூல் புடவையை எடுத்தாள். இது இங்கே கட்டிக்கொள்ள; மாலையில் குளித்து, வேறு புடவை மாற்றி, அதை இங்கேயே விட்டுவிட்டுத்தான் பொழிச்சலூர் போவாளாம். வீட்டில் அவன் இருக்கிறானே. ஸ்பூனை வாங்கினாள். பதினேழு வருடத்துக்குப் பிறகு கையில் கடலை. நான் பார்க்காத மாதிரி காப்பி போடப் போனேன். மகள் பறவைக் குஞ்சு மாதிரி வாயைத் திறந்தாள். முழுங்கினாள். அக்கா பத்து நிமிடம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து அந்தத் தாளை ஒட்டியிருந்தேன். அக்கா ஸ்பூனைக் கழுவிவிட்டு வந்து அதன் முன் நின்றாள். மேலிருந்து கீழாகப் படித்தாள். அடித்துத் திருத்தியதைப் படித்துச் சிரித்தாள். கடைசி வரிக்கு வந்தாள். அங்கே ரொம்ப நேரம் நின்றாள். நான் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தேன். இனி ஆற்ற அதில் சூடே இல்லை.

"டேய்" என்றாள், திரும்பாமல்.

"சொல்லுக்கா."

"கடைசி வரி உன் கையெழுத்துதானே?"

"ஆமா."

"பெற்றோர்ல கால் போடாம விட்டுட்டே. பெற்றேர்னு இருக்கு. பேனா குடு."

கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு, விட்டுப்போன காலை அக்கா அழுத்தமாகப் போட்டாள்.